மாடி ஏறிப் போன பெட்டி

வங்காளத்தில், தமிழர் நிறைந்த லேக் மார்க்கெட் பேட்டையில் சீதாராமன் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவன், பாத்திரத்தை அவர் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டுத்தான் ஊற்றுவான். வங்கியின் விஜிலன்ஸ் பிரிவில் காலம் முழுக்க அடுத்தவர் தில்லுமுல்லைத் தோண்டியவர் அவர். ஓய்வு பெற்றபோது கொடுத்த கைக்கடிகாரத்தைக்கூட, அசல்தானா என்று கரியாஹாட் கடையில் காட்டிவிட்டுத்தான் கட்டிக்கொண்டார்.

அப்படிப்பட்டவரின் பெண் ரோஹிணிக்கு ஸ்காட்லாந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. "எங்கயாவது ஒரு இடத்துல ஒளிவு மறைவுன்னு தெரிஞ்சுது, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிதர். ரோஹிணி அன்றிலிருந்து பார்த்துப் பார்த்துத்தான் பேசினாள்.

அங்கே ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த ஜாதவ்பூர்ப் பெண் சத்யப்ரியா, ரோஹிணிக்கு அக்கா மாதிரி, போனால் என்னவெல்லாம் எப்படி இருக்கும் என்று வீடியோவில் சொல்வாள். சீதாராமன் பக்கத்தில் உட்கார்ந்து குறுக்கு விசாரணை நடத்துவார். ஆறு பேருக்கு ஒரே சமையலறை என்றாள். "யாரு அந்த ஆறு பேர்?" பேராசிரியரைப் பேர் சொல்லியே கூப்பிடலாம் என்றாள். "நிஜமான பேராசிரியர்தானா?" வகுப்பு கொஞ்சம்தான், பாக்கியைத் தானே படித்துக்கொள்ள வேண்டும் என்றாள். "அதை இங்கயே உக்காந்து பண்ணலாமே?" சத்யப்ரியா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

இதற்கு நடுவில், மார்கழிக் குளிரில், அவருடைய குரங்குக் குல்லாய் காணாமல் போயிற்று. காவி நிறம். ரோஹிணிக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவர் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் எதிர்ச்சாரியில் நடப்பாள். வீட்டு வேலைக்கு வரும் அமலாவின் மேல்தான் அவருக்குச் சந்தேகம். வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்கு முதல் நாள் காலை, மருந்து வாங்கிக்கொண்டு திரும்பியவர் பார்த்தால், ரோஹிணியின் பெரிய பெட்டியைக் காணோம். மனைவி ஜெயலக்ஷ்மி சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள். யாரும் எதுவும் கேட்காமலே ரோஹிணி "ஒண்ணுமில்லப்பா" என்றாள். போதாதா? வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அமலா கண்ணாலேயே மாடியைக் காட்டினாள்.

மேல்வீட்டு மாஷிமா, தனியாக இருக்கும் வங்காளத்து அம்மாள். ஏறிப் போய்ப் பார்த்தால், பெட்டி அவள் வீட்டுக் கதவோரம் நின்றது. மாஷிமாவின் மருமான் லண்டனில் இருப்பது உடனே அவர் நினைவுக்கு வந்தது. ரகசியக் காதல், ரகசியக் கல்யாணம் என்று, படி இறங்குவதற்குள் மனதில் முழு வழக்கையும் ஜோடித்துவிட்டார். பெட்டியை இழுத்து வந்து கூடத்தில் போட்டார்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேள்!" ஜெயலக்ஷ்மி தலையில் கை வைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கிளம்பற நேரம் ராகுகாலம். அதான் இன்னிக்கு நல்ல நேரத்துல பெட்டியை மேல அனுப்பிப் பரஸ்தானம் வெச்சேன். வாசல் தாண்டினதைத் திரும்ப உள்ள கொண்டு வரலாமா? சொன்னா கேலி பண்ணுவேளேன்னுதான் சொல்லலை."

அந்த வீட்டில் யார் எந்த ஊருக்குக் கிளம்பினாலும் நடக்கிற சங்கதிதான். அது மட்டும் தோன்றவில்லை மனிதருக்கு. இருந்தாலும் விடுவாரா? "அப்ப திறந்து காட்டறதுல என்ன?" என்றார். ரோஹிணியின் முகம் வெளுத்தது.

அவரே திறந்தார். ஸ்வெட்டர்களுக்கு அடியில், சாம்பார்ப் பொடிப் பொட்டலத்தை ஒட்டி, காவிக் குல்லாய்.

"நீயா எடுத்தே?"

"ஆமாம்" என்றாள் ரோஹிணி. கண்ணில் நீர் முட்டியது. "நாலு மணிக்கே இருட்டிடுமாம். எங்க போனே, ஏன் லேட்டு, யார் கூடன்னு அங்க யாருமே கேக்க மாட்டாளாம். சத்யப்ரியா தீதி அதைச் சொன்னப்போதான் பயமா இருந்ததுப்பா. இதைப் பாத்தா நீ கேக்கற மாதிரியே இருக்கும்னு எடுத்தேன். பயமா இருக்குன்னு சொன்னா நீ டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடுவே."

ஒளித்த பொருளும் ஒளித்த பயமும் இப்போது அவர் கையில். ஒரு போன் போதும், பெண் வீட்டோடு இருந்துவிடுவாள். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் குல்லாயை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்துப் பெட்டியை மூடினார்.

"நல்ல நேரம் முடிஞ்சுடுத்தா?" என்று மனைவியைக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார். மாஷிமா வீட்டுக்குள் வைத்துவிட்டு, பழக்க தோஷம், கதவின் தாழ்ப்பாளை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். திரும்பினால் பின்னாலேயே ரோஹிணி.

"அங்க இருட்டினதும் தினம் போன் பண்ணுவேன். எங்க இருக்கே, யார் கூடன்னு கேப்பேன். பதில் சொல்லணும்."

"பொய் சொன்னா?" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"கண்டுபிடிச்சுடுவேன்" என்றார் சீதாராமன். தாழ்ப்பாளை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார்.