மீட்டர் ஈயமும் கிணற்று விராலும்

தூண்டில் போடப் பழகுகிறவர்கள் முதலில் செய்கிற தவறு ஒன்றுதான் பிள்ளைகளே. முள்ளில் புழுவைக் கோத்துத் தண்ணீரில் வீசினால் போதும், மீன் தானாக வரும் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒரு விரால் இருந்தது. எப்போதும் அடியில்தான் கிடக்கும்; அப்பா எத்தனையோ தடவை தூண்டில் போட்டும் அவருக்கு அகப்பட்டதில்லை. என் மண்புழு இரண்டு முழம் இறங்குவதற்குள் கெண்டைக் குஞ்சுகள் தின்று தீர்த்துவிடும். அந்தக் கோடை விடுமுறை முழுக்கக் கெண்டைகளுக்குச் சோறு போட்டதுதான் நான் செய்த வேலை.

லாரி ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி, வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டார்.

“புழு கீழ போகோணும்னா கனம் வேணும் மாப்ளே.”

அவர் லாரியிலிருந்தே ஒரு பெரிய நட்டை எடுத்துவந்து தூண்டில் நரம்பில் கட்டினேன். தக்கையாக வைத்திருந்த செருப்புத் துண்டையும் இழுத்துக்கொண்டு அது அடிச் சேற்றில் போய்ப் புதைந்தது. நரம்பு அறுந்ததுதான் மிச்சம்.

“நீ மீனு புடிக்கறயா, போரு போடறயா? துளியூண்டு ஈயம் போதும். முள்ளுக்கு ஒரு சாண் மேல கட்டு” என்று சொல்லிவிட்டு மாமா லோடு ஏற்றக் கிளம்பிவிட்டார். ஈயத்துக்கு எங்கே போவது என்று சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக் கரண்ட் மீட்டரில், முறுக்கிய கம்பியில் சுண்டைக்காய் அளவு ஈய வில்லை ஒன்று தொங்கும். நரம்பு கோக்க அதில் துளைகூட இருந்தது. எனக்காகவே யாரோ செய்து மாட்டியது போலிருந்தது. கம்பியை நறுக்கி எடுத்துக்கொண்டேன்.

இந்த முறை புழு கெண்டைகளைத் தாண்டி இறங்கியது. தக்கை நிமிர்ந்து நின்றது. நரம்பை மோட்டார் பைப்பில் கட்டிவிட்டுச் சாப்பிட வந்தேன்.

வீட்டில் ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரடியில் நின்றிருந்தார். எதிரே அப்பா.

“சீலக் காணமுங்களே. யாரு அறுத்தது?”

“தெரியலீங்க.”

“மேல எழுதித்தானுங்க ஆகோணும். கரண்ட்டத் திருடுனதாக் கேசாயிரும். லைனக் கட் பண்ணிப் போடுவாங்க.”

“ஏனுங்க, நான் அப்படிப்பட்டவனுங்களா?” அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

அவர் நோட்டைத் திறந்தார்.

“அந்த ஈயமுங்களா? அது கெணத்துக்குள்ள இருக்குதுங்க” என்றேன்.

“கெணத்துலயா? மீனு கரண்ட் இழுக்குதா சாமி?” என்றார் அவர்.

நான் ஓடினேன். பைப்பிலிருந்து நரம்பை அவிழ்த்து இழுத்தால் வரவில்லை. கை வலிக்க இழுத்தேன். என் முழங்கை நீளத்துக்கு விரால். அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன்.

அப்பா மீனைத் தரையில் போட்டார். ஈயத்தை அவிழ்த்து, துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மீட்டர் மூடியைப் பார்த்தார்.

“முத்திரை அப்படியே இருக்குது. மூடியத் தொறந்த மாதிரியும் தெரியலீங்க. நாளைக்கு ஆபீசுக்கு வந்து நடந்தத எழுதிக் குடுங்க, வேற சீல் போட்டுக்கலாம்.”

அவர் போய்விட்டார். விரால் வாசலில் துள்ளிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஆழத்தில் பிடித்தாய் என்று அப்பா ஒரு வார்த்தை கேட்பார் என்று நின்றேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தனக்கு ஒருநாளும் அகப்படாத மீன் எனக்கு அகப்பட்டதில் வருத்தமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.