மல்சுன் என்னிடம் மட்டும் சொன்னது

மல்சுன்னுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. கிழக்குக் கடற்கரையில் எங்கள் துறைமுகத்தில் கணவாய் மீனைக் கீறிக் காயப்போடும் வேலை. புருஷனைக் கடல் கொண்டுபோய் இருபது வருஷம். ஒரே மகன் கியுசொக், குடித்துவிட்டு லாரி ஓட்டி ஒரு கிழவரின் காலை முறித்ததால் சிறைக்குப் போனான். பையன் கப்பலில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று ஊருக்குச் சொல்லிவைத்தாள். வெளியே வந்தால் அவன் இதே துறையில்தான் பிழைக்க வேண்டும், இதே சபையில்தான் தலைநிமிர்ந்து உட்கார வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பொய்.

உண்மையை என்னிடம் மட்டும் சொன்னாள். நான் எங்கள் தெருவின் ஜெபக்குழுத் தலைவி. வேதாகமம் முழுவதையும் கையால் இரண்டு முறை எழுதி முடித்தவள், அதை யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொள்கிறவளும்கூட. குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்காகக் கோசுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தோம். "அக்கா, நீங்க மட்டும் ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

மறுநாள் விடியற்கால ஜெபத்தில், ஜெபக் குறிப்பு ஏதாவது உண்டா என்று போதகர் கேட்டார். நான் எழுந்துவிட்டேன். சிறையில் இருக்கும் மல்சுன் மகனுக்காகக் கண்ணீரோடு மன்றாடுவோம் என்றேன். அன்பினால்தான் சொன்னேன் என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். எல்லாருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டதே என்ற பெருமை, வேறொன்றுமில்லை. வழக்கப்படி எல்லாரும் "ஆண்டவரே" என்று மூன்று முறை கூப்பிட்டு, ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது வரிசையில் மல்சுன் மட்டும் வாய் திறக்கவில்லை. தரையில் போட்டு உட்கார்ந்திருந்த சின்ன மெத்தையை மடித்து வைத்துவிட்டு வெளியே போனாள்.

பிறகு அவள் சபைக்கு வரவில்லை. போதகரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வந்தவர்களுக்கு வைக்க வேண்டியபடி பேரிக்காய் நறுக்கி வைத்தாள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்று ரோமர் எட்டாம் அதிகாரத்தைக் கணீரென்று வாசித்தேன். முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"யோபு கஷ்டப்பட்டப்போ அவரோட சிநேகிதங்க ஏழு நாள் பேசாம கூட உக்காந்திருந்தாங்க. உங்களால ஒரு ராத்திரி தாங்க முடியலையே அக்கா."

நான் இரண்டு முறை எழுதிய அதிகாரம் அது. சபை முன்னால் மன்னிப்புக் கேட்கட்டுமா என்று ஒருவழியாகக் கேட்டேன். "வேணவே வேணாம். அதுக்கும் எல்லாரும் சேந்து கத்துவாங்க" என்றாள். போதகர் பேரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை மகனைப் பார்க்கப் போகிறாளாம். நான் கூட வரலாமாம், ஆனால் வாயைத் திறக்கக் கூடாதாம்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்ததே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னைப் பார்த்ததும் கியுசொக்கின் முகம் வெளுத்துவிட்டது. ஊருக்கெல்லாம் தெரிந்துபோய்விட்டதா என்று அம்மாவிடம் கேட்டான்.

"இல்லடா. பெரியம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன்" என்றாள் மல்சுன். "அவங்க வாயிலேர்ந்து ஒரு வார்த்த வெளிய போகாது."

அவன் எழுந்து நின்று, நன்றி பெரியம்மா என்று இடுப்பு வரை குனிந்தான். பதிலுக்கு நானும் குனிந்தேன். நேரம் முடிந்தது என்று காவலர் சொல்லும்வரை அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.