ஐப்பசியில் நின்ற இன்ஜின்

எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில் இருக்கிறது. தண்ணீர் என்றால் எங்களுக்கு ஏரியும் கிணறும்தான். அந்த ஊரில் பிறந்த நான் எழுபதுகளில் ஒரு பணக்காரரின் மோட்டார் படகைக் கடலில் ஓட்டினேன் என்று சொன்னால், கதை விடுகிறேன் என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மேற்கொண்டு கேட்காமல் இருந்தால் எனக்கு நிம்மதி.

நான் பம்புசெட் மெக்கானிக். தண்டலத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு முதலாளிக்கு டீசல் இன்ஜின் பழுது பார்க்கப் போனேன். என் கைவேலை பிடித்துப்போய், படகு இன்ஜினையும் பார்த்துக்கொள் என்று மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். உள்ளே இரண்டு படுக்கையும் சமையலறையும் வைத்த வெள்ளைப் படகு. அதை ஓட்டிய ஸ்ராங்கோடு ஒன்றரை வருஷம் கூடவே போய்வந்தேன். அவர் வேலையை விட்டதும் சுக்கான் என் கைக்கு வந்தது. இன்ஜினுக்கு ஆள் வேண்டுமே? தங்கை புருஷனைச் சேர்த்துவிட்டேன். என்னைவிட நான்கு வயது இளையவன், ஒரே தெருவில் வளர்ந்தவன். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலேறி உட்கார்ந்தால், தங்கை கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைத் தாம்பரம் வருவதற்குள் பிரித்துவிடுவான்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. இடி மின்னல் வந்தால் கிணற்று மெஷினை நிறுத்திவிட்டு, அந்த இடத்தை விட்டு விலகி வந்துவிட வேண்டும். பக்கத்து ஊரில் ஒருவர் ஓடுகிற இன்ஜினுக்குப் பக்கத்திலேயே கருகிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து ஊரில் எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாப்பிள்ளை கடைசிப் பாத்தி நனையட்டும் என்று மின்னலில் மெஷினை ஓடவிட்டிருந்தான். களத்தில் பத்துப் பேர் பார்க்கக் கத்தினேன்.

"உசுரு இன்னா கடையில விக்குதா? இடி இடிச்சா மெஷினை நிறுத்திட்டுத் தள்ளி வான்னு எத்தினி தபா சொல்றது? மாடுகூட ஒரு தபா சொன்னா கேட்டுக்கும்!"

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு என் பேச்சைக் கேட்காது. அவன் முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவன் மறந்ததில்லை.

ஐப்பசியில் படகை வெளியே எடுக்கவே கூடாது. அன்றைக்கு முதலாளிக்கு விருந்தாளி வந்திருந்தார், காலையில் வெயிலும் அடித்தது. வேண்டாம் என்று ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடுப்பகலில் கரை கண்ணுக்கு மறையும் தூரத்தில் இருந்தபோது கிழக்கே வானம் கறுத்தது. கால் மணி நேரத்தில் காற்றும் மழையும் எங்கள் மேல் வந்து விழுந்தன.

அலை பெரிதானால் படகின் முகத்தை அதற்கு நேராக, சற்றே சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும். வேகத்தைக் குறைக்கலாம், இன்ஜினை மட்டும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சுக்கானுக்குப் படகு கட்டுப்படாது, பக்கவாட்டில் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டிவிடும். இது எனக்குத் தெரியும். இன்ஜின் அறையில் இருந்தவனிடம் சொல்லி வைக்கவில்லை. எண்ணெய் பார்ப்பது, பெல்ட் மாற்றுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன், இதை விட்டுவிட்டேன். வேகம் கூட்டும் பிடி என் பக்கத்தில் இருந்தது. இன்ஜினை நிறுத்தும் கம்பி கீழே, அவன் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது.

அரை மணி நேரம் சமாளித்தேன். விருந்தாளி வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தார். முதலாளி மேல்தட்டின் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு சாமி பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது படகுக்கு மிகப் பக்கத்தில் ஒரு மின்னல் இறங்கியது. இடி காதை அடைத்தது. காது திறந்தபோது இன்ஜின் சத்தம் இல்லை.

மாப்பிள்ளை மேல்தட்டுக்கு ஏறி வந்தான். மழையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொன்ன வேலையைச் சரியாகச் செய்தவனின் முகத்தோடு என்னைப் பார்த்தான்.

"நிறுத்திட்டேன் மச்சான்."

நான் வாயைத் திறப்பதற்குள் படகு திரும்பிவிட்டது. அலை பக்கவாட்டில் ஏறி மறுபக்கம் இறங்கியது. அவன் நின்ற இடம் காலியாக இருந்தது.

ஒரே ஒரு தடவை தண்ணீரில் அவன் கை தெரிந்தது. கயிற்றை எறிந்தேன், எட்டவில்லை. இன்ஜின் இல்லாமல் அவனிடம் போக வழியில்லை. முதலாளி கையில் சுக்கானைத் திணித்துவிட்டுக் கீழே ஓடினேன். இன்ஜினைக் கிளப்பிவிட்டு மேலே வந்தபோது எந்தப் பக்கம் பார்த்துக் கத்துவது என்றே தெரியவில்லை. இருட்டும்வரை சுற்றினோம். மூன்றாம் நாள் வடக்கே ஒரு குப்பத்தில் உடல் ஒதுங்கியது.

விசாரணையில் இன்ஜின் தானாக நின்றுவிட்டது என்று சொன்னேன். செத்தவன் மேல் பழி வரக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று வெகுகாலம் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அவன் நிறுத்தினான் என்று சொல்லியிருந்தால், ஏன் நிறுத்தினான் என்ற கேள்வி வந்திருக்கும். அதற்கு நான்தான் பதில்.

காரியம் முடிந்த அன்று தங்கை என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கடைசியா இன்னா சொன்னாருண்ணா?"

அவன் சொன்ன இரண்டு வார்த்தைகளும் தொண்டை வரை வந்தன. அதைக் கேட்டால் யார் பேச்சைக் கேட்டு நிறுத்தினான் என்று அவளுக்குப் புரிந்துவிடும், களத்தில் அன்று நான் கத்தியபோது அவளும் நின்றிருந்தாள்.

"உன் பேரைச் சொல்லிக் கூப்டாரும்மா," என்றேன்.

அவள் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். ஒவ்வொரு வருஷமும் திதிக்கு வருகிறவர்களிடம், "அவ்ளோ மழையிலயும் என்னைத்தான் கூப்டாராம், எங்கண்ணன் கூட இருந்ததால அதுவாச்சும் தெரிஞ்சிது," என்று சொல்லிவிட்டு, முதல் இலையில் என்னை உட்காரவைத்துப் பரிமாறுகிறாள். நான் தலையைக் குனிந்து, இலையில் போட்டதையெல்லாம் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கிறேன்.