மடித்தால் பொருந்தாத இணைகரம்

சென்ற புதன்கிழமை எங்கள் பள்ளி வாசலில் ஹுன்னஸ்கிரியவிலிருந்து வந்த தேயிலைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி நின்றாள். "நம்ம அன்னபூரணம் டீச்சரம்மா தவறிட்டாங்கம்மா. ஒம்பது நாளாக் காய்ச்சல்" என்றாள். அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவரை அறிந்த சக ஆசிரியர்களான உங்களுக்கு அவருடைய திறமையை நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நான் செய்ததைத்தான் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அவரும் நானும் கண்டியில் ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்து வகுப்புகளில் படிப்பித்தோம். ஒரு நாள் பள்ளிப் பரிசோதகர் வந்து இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்தார். கரும்பலகையில் இணைகரமொன்றை வரைந்து, மூலைவிட்டத்தையும் இழுத்தார். "இந்தக் கோட்டில் மடித்தால் இரு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று படியும். எழுதுங்கள்." பிள்ளைகள் எழுதினார்கள்.

அன்னபூரணம் எழுந்தார். "ஐயா, அது பிழை. சதுரமெண்டால் படியும், இது படியாது."

காகிதத்தில் இணைகரம் வெட்டி மடித்துக் காட்டினார். முனைகள் வெளியே துருத்தின. பிறகு அதே அளவில் இரண்டை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் கொண்டையூசியைக் குத்தி, மேலேயிருந்ததை அரைச்சுற்றுத் திருப்பினார். அச்சாகப் பொருந்தியது.

பரிசோதகர் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

மடித்தபோது பொருந்தாததை என் கண்ணால் பார்த்திருந்தேன். ஆனாலும் "ஐயா சொன்னதுதான் சரி" என்றேன்.

அந்த மாதமே, பணிவில்லை என்று காரணம் சொல்லி, பள்ளி மனேஜர் அன்னபூரணத்தை ஹுன்னஸ்கிரியவிலுள்ள தோட்டப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்.

அதன்பின் கையில் எந்தத் தாள் கிடைத்தாலும் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதம் பொறுத்து, பஸ் ஏறி அவரைத் தேடிப் போனேன். தகரக் கூரையின் கீழ் அவருடைய பிள்ளைகள் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் சமபக்க முக்கோணங்கள் வெட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "ஒரு சுத்துல மூணு தரம் பொருந்துது டீச்சர்!" என்று ஒரு சிறுமி கத்தினாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் பயந்திட்டீங்கள், எனக்கு விளங்குது. ஆத்திரமும் இருக்குத்தான். அதை விடுங்கோ. அந்தப் பிள்ளையள் பிழையையெல்லோ எழுதினவை? திருத்திக் குடுத்தனீங்களோ?"

இல்லை. அந்த நினைப்பே எனக்கு வந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அந்த இரண்டு வகுப்புகளையும் ஒன்றாக உட்காரவைத்து, "அன்று அன்னபூரணம் டீச்சர் சொன்னதுதான் சரி. தெரிந்துகொண்டே பொய் சொன்னேன்" என்றேன். மனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். வேலை போகவில்லை. அவ்வளவுக்குத்தானா அன்று நடுங்கினேன் என்று இன்றும் உடம்பு கூசுகிறது.

நடந்ததை அவருக்கு எழுதினேன். பதில் நான்கே வரி: "சந்தோஷம். அடுத்ததாகச் சாய்சதுரம் கொடுத்துப் பாருங்கள். அது மடித்தாலும் பொருந்தும், சுற்றினாலும் பொருந்தும். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்."

அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. மன்னித்தேன் என்று அதில் ஒரு சொல் இல்லை. அடுத்த பாடம் இருக்கிறது.