அப்பா ஒட்டிய செவ்வாய்க் கோளம்

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். என்னை எழுதச் சொன்னவர் அத்தைதான். “எங்க அண்ணனப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதுடி. அவரு கைவேலைய எழுது. ஊரே மெச்சுன கை” என்றார். சரி, அந்தக் கையைப் பற்றியே எழுதுகிறேன்.

அப்பா குறிஞ்சிப்பாடியில் பிறந்தார். சிறு வயதில் தகப்பனாரை இழந்து, அரை வயிறும் கால் வயிறுமாகப் படித்து, சிதம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 2004-இல் நாங்கள் கடலூருக்குக் குடிவந்த பிறகும் தினமும் பஸ்ஸில் போய் வந்தார். குடி, சிகரெட், சீட்டு எதுவும் கிடையாது. அடிப்பார், அவ்வளவுதான்.

காகிதத்தில் கோளங்கள் செய்வது அவருக்கு உயிர். எண்பது முக்கோணங்கள் வெட்டி, ஒட்டுவதற்கு ஓரம் விட்டு மடித்து, பின்னால் எண் போட்டு, தரையில் வரிசையாகப் பரப்புவார். பன்னிரண்டு முனைகளில் ஐந்து முக்கோணங்கள் சேர வேண்டும், மற்ற முனைகளில் ஆறு. ஒன்று மாறினாலும் உருண்டை மூடாது. மூடிய பிறகு செவ்வாய், வியாழன் என்று வண்ணம் தீட்டுவார். தாளில் ஒரு கசங்கல் விழாது. என் முதுகில் பெல்ட் தடம் விழும். தாள் பரப்பியிருக்கும்போது மின்விசிறி போடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அக்னி நட்சத்திரத்திலும் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்போம்.

2008 கோடையில் ஒரு மதியம் கரண்ட் போனது. நிஜமாகவே போய்விட்டதா என்று பார்க்க விசிறி சுவிட்சைத் தட்டிய நான், அணைக்க மறந்துவிட்டேன். அப்பா வந்து உட்கார்ந்து செவ்வாய்க்கான தாள்களைப் பரப்பி, ஓரங்களில் பசை தடவத் தொடங்கினார். கரண்ட் வந்தது. விசிறி சுற்றியது. எண்பதும் பறந்தன.

“எவடி போட்டது?”

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“நான்தாங்க. தெரியாம போட்டுட்டேன்.”

அப்பா இரும்பு ஸ்கேலை விளிம்புப் பக்கமாகத் திருப்பிப் பிடித்து அடித்தார். தலையை மறைத்த அம்மாவின் கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறமும் விடவில்லை, தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். தாள்களில் ரத்தம் தெறித்தது. “எல்லாத்தையும் பாழாக்கிட்டியேடி” என்று அதற்கும் அடித்தார். எனக்குப் பதிமூன்று வயது. கதவோரம் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்கெல்லாம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம். “கண்ண எங்க வச்சிருந்த?” என்று அத்தை கேட்டபோதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா மறுபடி வெட்டி ஒட்டிய அந்தச் செவ்வாய், பள்ளிக் கண்காட்சி ஒன்றில் கேடயம் வாங்கியது. நானும் கைதட்டினேன்.

2011-இல் பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலது கை விழுந்தது. இடது கையால் கஞ்சிக் கிண்ணத்தை அம்மா முகத்தில் விட்டெறிந்தார். நெற்றியில் மூன்று தையல். தையலோடு அம்மாதான் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளினார். அவர் போனபோது நானும் அழுதேன், பொய்யில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

கை முறிந்த அன்று அம்மாவை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன எதிர்வீட்டு மாமாவுக்கு எங்கள் நன்றி. “இன்னொரு தபா கைய ஓங்குனீங்க, நானே போலீசுக்குப் போவேன்” என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

“அன்னிக்கு சுவிட்ச போட்டது நான்தாம்மா.”

“எனக்குத் தெரியாதாடி? ஒன் மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு.”

“அத்த கத்துவாங்க. எடுத்துடட்டுமா?”

“வாணாம். அவரு இருந்தவரைக்கும் பயந்தது போதும். அப்படியே போடு.”

போட்டுவிட்டேன். அம்மா, அன்று உடைந்திருக்க வேண்டியது என் கை.