இருபத்து மூன்றாம் கேள்வி

சிங்கப்பூரில், ஆங் மோ கியோ பேட்டையில் நாங்கள் குடியேறி ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம். எங்கள் பங்குத் தேவாலயத்துக்கு வரும் ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தாரைப் பற்றிய ஆய்வு என்று சொல்லி, எட்டுப் பக்கக் கேள்வித்தாளோடு வீட்டுக்கு வந்தாள்.

"எங்க புரொபசர் சொல்றாரு அங்கிள், அதிகம் படிக்காதவங்க கேள்வியப் பாக்காமயே டிக் போட்டுடுவாங்களாம். நீங்க நிதானமா போடுங்க. அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன்."

நான் தொடக்கப்பள்ளியோடு நின்றவன். தலையை ஆட்டித் தாள்களை வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தப் புரொபசரை விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

நான்கு மாலைகள், வரிக்குக் கீழே விரல் வைத்துப் படித்தேன். தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போன இடத்திலும் ஒன்பதாம் கேள்விக்கு 'ஓரளவு' போடுவதா, 'பெரும்பாலும்' போடுவதா என்றே யோசனை. மீனை வெட்ட வேண்டுமா என்று மீன்காரர் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

இருபத்து மூன்றாம் கேள்வி இப்படி இருந்தது: 'நீங்கள் கவனமாகப் படிப்பவர் என்றால், இங்கே எந்தக் கட்டத்திலும் குறியிடாதீர்கள்.' எனக்குச் சிரிப்பு வந்தது. அதை அப்படியே விட்டேன்.

முன்பு, ஒரே ஒரு கட்டம் காலி என்று இந்த வீடு கேட்டு நாங்கள் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து எந்தப் படிவமும் என் மனைவி பார்க்காமல் வாசலைத் தாண்டியதில்லை. இதை நான் மறந்திருக்கக்கூடாது.

அந்தப் பெண் வந்து தாள்களைப் புரட்டினாள். இருபத்து மூன்றில் நின்றாள்.

"அங்கிள், படிச்சுத்தான் போட்டீங்களா?"

என் பேனா கறுப்பு. அங்கே நீலத்தில் ஒரு டிக். மனைவியைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் என் பேனாவைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

"ஒன்னு விட்டிருந்தாரும்மா," என்று சமையலறையிலிருந்து பெருமையாகக் குரல் வந்தது. "நான்தான் பாத்துப் போட்டேன்."

"ஐயோ ஆண்ட்டி, அத விடத்தான் லா சொல்லியிருக்கு. இனி இந்தத் தாளையே எண்ணிக்கையில சேக்க முடியாது."

மனைவி கை துடைத்துக்கொண்டு வந்தாள். "அதெப்படி? இவரு நாலு நாளு சோறு ஆற ஆற படிச்சாரு. நீ அத எழுதிக்கோ."

அவள் விடவில்லை. கடைசியில் அந்தப் பெண் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: 'கணவர் படித்தார். மனைவி படிக்கவில்லை.'

மனைவி அந்தத் தாளை வாங்கி, அந்த இரண்டு வரிகளையும் ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.