ஒருசந்தி இருந்த லில்லி

மெட்ராஸைச் சென்னை என்று மாற்றின வருஷம், அடையாறில் நான் வாடிக்கையாக மீன் போடும் பங்களா அம்மா லில்லிக் கிழங்கு ஒன்று கொடுத்தார். பெரிய வெங்காயம் மாதிரி இருந்தது. வெயில் ஏறும்போது சிவப்பாகப் பூக்கும் என்றார். பெயின்ட் டப்பாவில் ஓட்டை போட்டு, செம்மண்ணில் கடல் மணலைக் கலந்து நட்டு, பெசன்ட் நகர் குப்பத்தில் எங்கள் வாசலில் வைத்தேன்.

அந்த வாரமே கோவிலில் பெண்கள் கூடியபோது, ஈஸ்டருக்குப் பீடத்தில் என் வீட்டுப் பூதான் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான்.

தினமும் மீன் கழுவின தண்ணீரை ஊற்றினேன். எங்கள் முருங்கையே அதில்தான் வளர்ந்தது. இலை வாள் மாதிரி நீண்டது. ஈஸ்டர் வந்தது, பூ வரவில்லை.

எதிர்வீட்டில் இருந்த ஓரகத்தி, "இன்னாக்கா, பீடத்துக்கு எலைய எட்த்துகினு போறியா?" என்றாள்.

மறு வருஷம், கடல் காற்றில் மாட்டின தன் படகு திரும்பி வந்ததற்கு என் வீட்டுக்காரர் நேர்ந்துகொண்டார். தவக்காலம் முழுக்க வீட்டில் கவுச்சி கிடையாது, ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி. மீனை விற்றேன், அடுப்பில் ஏற்றவில்லை. மீன் தண்ணீர் இல்லாமல் லில்லியின் இலையெல்லாம் மடிந்து காய்ந்தது. குழாயடியில் தண்ணீருக்குச் சண்டை நடக்கும்போது செடிக்கு எங்கே போவது?

பிடுங்கப் போனேன். வீட்டுக்காரர், "வுடுமே, அதுவும் ஒருசந்தி கீது" என்றார்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் மொட்டைக் கிழங்கிலிருந்து தண்டு ஒன்று விரல் கனத்தில் கிளம்பியது. பங்களா அம்மாவிடம் சொன்னேன்.

"காயப் போட்டாத்தான்மா பூக்கும். வருஷம் பூரா சாப்பாடு போட்டா அது ஏன் பூக்கப்போகுது?" என்று சிரித்தார்.

ஈஸ்டர் அன்று காலையில் பூ விரிந்திருந்தது. டப்பாவோடு தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனேன்.

உபதேசியார் டப்பாவைப் பார்த்தார். "பெயின்ட் டப்பாவ பீடத்துல வெக்க முடியாதும்மா. பூவ அறுத்துக் குடுங்க, ஜாடில வெக்கலாம்."

"அறுக்கமாட்டேன்."

"அப்ப கீழதான்."

"கீழயே வையுங்க."

பீடத்துக்குக் கீழே, படிக்கட்டு ஓரத்தில் வைத்தார். பின்னால் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஓரகத்தியையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.